திரும்பி வந்த சுமை

மரகோஜிப்பி, 28 மார்ச் 2004

டாக்டர் எலோயிசா அவர்களுக்கு,

நான் வால்தெலிசி. உங்கள் கட்டடத்துக் கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்த ஜெனிவால்தோவின் அக்கா. மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பிய பூமாலை வந்தது. வழியில் வாடிவிட்டது, ஆனாலும் போட்டோம்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். கேன்டீனில் அவனோடு வேலை பார்த்த நெயுசா போன் பண்ணினாள். அழுதுகொண்டே, "வால், அவன் ரத்தம் இன்னும் இங்கதான்டி இருக்கு. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டரம்மாவுக்குக் குடுத்துட்டுப் போனான். ஐஸ்பெட்டில வெச்சிருக்காங்க" என்றாள். என்னைப் பார்க்கத்தான் அவன் பஸ் ஏறினான். பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்தது. உடம்பு வந்தது, பெட்டி வந்தது, ரத்தம் மட்டும் அங்கே நிற்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

ஜெனி எங்கள் சாமி வீட்டில் தலை மழித்துத் தீட்சைக்கு உட்கார்ந்தவன். அப்படிப்பட்டவனைப் புதைத்தால் மட்டும் போதாது. அவன் துணி, தட்டு, கழுத்து மணி எல்லாவற்றையும் ஒரு கூடையில் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். சுமை என்போம். சுமை போனால்தான் அவன் போவான். கடல் தண்ணீர் வடியும் நேரம் பார்த்துத்தான் கூடையை விட்டோம். மறுநாள் ஏறிய தண்ணீரில் என் வீட்டுப் பின்பக்கம், நான் சிப்பி கழுவும் இடத்தில், கூடை கட்டு அவிழாமல் வந்து நின்றது.

எங்கள் சாமி வீட்டுத் தலைவி செஃபா தாய் சோழி போட்டுப் பார்த்தார். "அவனோடது ஏதோ ஒண்ணு யாரு கையிலயோ இருக்கு. அத வாங்காம எந்தக் கூடையும் போவாது, வால்" என்றார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் என் சமையலறையில், அவன் எதற்கும் ஊற்றுகிற தெந்தே, அந்த ஆரஞ்சு நிறப் பனையெண்ணெய், காய்கிற வாசம். காஸ் தீர்ந்து, அடுப்பு பற்றவைக்காத நாளிலும் வந்தது. அவன் பசியோடு நிற்கிறான். அதைத் திருப்பித் தாருங்கள்.

வால்தெலிசி


சான் பாவ்லோ, 5 ஏப்ரல் 2004

அன்புள்ள வால்தெலிசி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சில நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். ஜெனியின் குரல் கேட்காத கேன்டீனில் இன்னும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது ரத்தம் அல்ல. ரத்தத்தில் சிவப்பு எல்லாம் அன்றே போய்விட்டது. மீதி நீரை மிக வேகமாகச் சுழற்றினால் அதிலிருக்கும் கொழுப்புத் துகள்கள் மேலே ஒரு பட்டையாக வந்து நிற்கும். ரத்தத்தில் எண்ணெயும் நீரும் ஒட்டாது அல்லவா? அதனால் கொழுப்பைப் புரதத்தோலால் சுற்றிப் பொட்டலமாக்கித்தான் உடம்பு ஊருக்கு ஊர் அனுப்புகிறது. அந்தப் பொட்டலங்கள்தான் இவை. எந்தச் சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாத அளவுக்குச் சிறியவை. எக்ஸ்ரே கதிரை இவற்றில் விட்டால் சிதறும். சிதறுகிற விதத்தைப் பார்த்து உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். அதுதான் என் வேலை.

அதற்கு வேண்டிய பலமான எக்ஸ்ரே கதிரைத் தரும் ஒளிக்கூடம் காம்பினாஸில் இருக்கிறது. அங்கே எங்களுக்கு நேரம் கிடைப்பது அபூர்வம். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தத் துகள்களை உறையவைக்கவும் முடியாது, சில வாரங்களில் கெட்டுவிடும். இதை விட்டால் எல்லாம் வீண்.

அதோடு, ஒருவர் மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை வெளியே தர எங்களுக்கு அனுமதி இல்லை. ஜெனி கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். மன்னியுங்கள்.

எலோயிசா


மரகோஜிப்பி, 12 ஏப்ரல் 2004

டாக்டரம்மா,

கையெழுத்துப் போட்டவன் உயிரோடிருந்தவன். இப்போது கேட்கிறவன் செத்தவன். அவன் எதில் கையெழுத்துப் போட்டான்?

ரத்தம் இல்லை, ரத்தத்துக்குள்ளே இருந்தது என்கிறீர்கள். அது எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. சட்டையைத் திருப்பித் தரவில்லை என்றால் பரவாயில்லை என்பேன். நீங்கள் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆளை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

செஃபா தாயிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கொழுப்பைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "திருப்பிப் படி" என்றார். படித்தேன். "ஒவ்வொரு பொட்டலமும் அவன் கட்டுன சுமைதான? கூடை ஏன் திரும்புச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்றார்.

கூடையை மறுபடி விடும் சடங்குக்கு மே மாதம் பதினைந்து குறித்திருக்கிறோம். எக்ஸ்ரே விடுங்கள், நான் தடுக்கவில்லை. அவனுக்கும் உங்கள் மேல் மதிப்பு உண்டு. போனில், "அக்கா, இந்த டாக்டரம்மா என் ஒடம்புக்குள்ள பாக்கப் போவுது. உள்ள தெந்தேதான் ஓடுதுன்னு நா சொல்லிட்டேன். சிரிச்சுது" என்றான். பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள். ஒரு சொட்டுதான் மிஞ்சும் என்றாலும் அனுப்புங்கள்.

நான் தூங்கி நாளாயிற்று. வாசம் இப்போது படுக்கை வரைக்கும் வருகிறது. பக்கத்து வீட்டு லிந்தாவுக்கும் அடித்தது. "என்ன வால், மீன் கொழம்பா? ஒரு தட்டு குடுக்கிறது" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். காலிச் சட்டியைக் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது கதவைத் திறப்பதில்லை.

வால்தெலிசி


சான் பாவ்லோ, 23 ஏப்ரல் 2004

வால்தெலிசி அம்மா,

காம்பினாஸிலிருந்து திரும்பிவிட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குளிரில் இருக்கும்போது இந்தத் துகள்களின் நடுவே கொழுப்பு அடுக்கடுக்காக, தட்டின்மேல் தட்டு வைத்தது போல நிற்கும். அப்போது எக்ஸ்ரே கோட்டில் ஒரு சின்ன மேடு தெரியும். மெல்லச் சூடாக்கி மனித உடம்பின் சூட்டுக்குக் கொண்டுவந்தால் அடுக்கு கலைந்து எல்லாம் இளகிவிடும். மேடு மறைந்துவிடும். இது எல்லார் ரத்தத்திலும் நடப்பதுதான், நூறு முறை பார்த்திருக்கிறேன்.

இந்த முறை சூடு ஏற ஏறத் திரையில் அந்த மேடு தணிந்துகொண்டே வந்தது. என்னோடு வந்த பேராசிரியர் சனோத்தி, எழுபதை நெருங்குகிறவர், எதற்கும் கலங்காதவர், "பாரு, நம்ம சமையக்காரன் முழிச்சுக்கிட்டான்" என்று சிரித்தார். மாணவி தாய்னாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருப்பது, தான் இன்னும் அவரது உடம்பில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டது போல இருந்தது. நாங்கள் அதை ஏமாற்றிவிட்டது போல. அளவெடுத்ததும் மறுபடி குளிரவைக்க வேண்டும். அந்தப் பொத்தானை அமுக்க என்னால் முடியவில்லை. தாய்னாதான் அமுக்கினாள்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது நான் விதிமுறைகளை நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. மிச்சம் ஒரு குழாய் இருக்கிறது. ஐஸ் பையோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எலோயிசா


மரகோஜிப்பி, 3 மே 2004

டாக்டரம்மா,

கிடைத்தது. ஐஸ் கரைந்திருந்தது, குழாய் உடையவில்லை.

இவ்வளவு ஆரஞ்சாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே தெந்தே ஓடுகிறது என்று அவன் சொன்னது பொய்யில்லை. சுவரில் அவன் படத்துக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். பிறகு உங்கள் கடிதம் ஞாபகம் வந்து, கெட்டுவிடுமே என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு, மார்ஜரின் டப்பாவுக்கும் முட்டைக்கும் நடுவே என் தம்பியா என்று அழுதேன். கடைசியில் மார்ஜரினை வெளியே எடுத்துவிட்டேன்.

அது வந்த அன்றிலிருந்து வாசம் இல்லை. கடவுள் உங்களுக்கு நல்லது செய்யட்டும்.

ஒன்றே ஒன்று. குழாயின் மேல் அவன் பெயர் இல்லை. "தெந்தே 2" என்று எழுதியிருக்கிறது. செஃபா தாய் பெயர் சொல்லித்தான் கூடையில் வைப்பார். இது அவன்தானே? வேறு யாருடையதாவது மாறி வந்துவிடவில்லையே?

வால்தெலிசி


சான் பாவ்லோ, 8 மே 2004 (விரைவு அஞ்சல்)

அன்புள்ள வால்தெலிசி அம்மா,

மாறவில்லை, கவலைப்படாதீர்கள். அந்த நிறத்துக்காக நாங்களே விளையாட்டாக வைத்த பெயர் அது. முதல் குழாய் காம்பினாஸில் தீர்ந்தது, இது இரண்டாவது. அவர் சாப்பிட்ட எண்ணெயின் நிறச்சத்து இந்தத் துகள்களில்தான் ஏறிப் பயணம் செய்கிறது. எங்கள் மூவருடையது வெளிறிய மஞ்சள், அவருடையதுதான் எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கிவிட்டது.

மூவர் என்றது நான், பேராசிரியர் சனோத்தி, தாய்னா. ஒருவர் கொடுப்பது எக்ஸ்ரேக்குப் போதாது. ஆளுக்கு ஆள் சிறு வித்தியாசங்களும் இருக்கும். அதனால் ஆரோக்கியமான சிலருடையதைச் சமமாகச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவோம். எல்லா ஆய்வகத்திலும் இதுதான் பழக்கம். அன்று நாங்கள் நான்கு பேரும் காலையில் வெறும் வயிற்றோடு கொடுத்தோம். ஜெனி, "மூணு பேரும் சோகை புடிச்ச மாதிரி இருக்கீங்க, இருங்க" என்று சொல்லி எங்களுக்கு ரொட்டி சுட்டுத் தந்தார்.

ஆகவே இது கண்டிப்பாக அவர்தான். எங்களோடு சேர்ந்து. சடங்கு நல்லபடி நடக்கட்டும்.

எலோயிசா


மரகோஜிப்பி, 13 மே 2004

டாக்டரம்மா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சடங்கு நாளை மறுநாள். தபால்காரர் ஒரு நாள் சோம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? உங்களைத் தண்ணீரில் விட்டிருப்போம்.

நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. கூடையில் யார் இருக்கிறார்களோ அவர்களை அழைத்துத்தான் பாடுவோம், அழைத்துத்தான் விடுவோம். உயிரோடு இருக்கிறவர்களைக் கூடையில் வைத்து யாரும் அழைப்பதில்லை. செஃபா தாய் கடிதத்தைக் கேட்டுவிட்டுக் குழாயை வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே இழுத்துக்கொண்டார். "இது கூட்டமா இருக்கு வால். நாலு பேர் உள்ள நிக்கிறாங்க. ஒருத்தரை மட்டும் எறக்கிவிட முடியுமா?" என்று கேட்டார்.

முடியுமா? நீங்கள் படித்தவர், அதனால் கேட்கிறேன்.

முடியாது என்றால், தாய் ஒரு வழி சொல்கிறார். இருக்கிறவர்கள் தங்கள் வாயால், மனசறிந்து, "என் பங்கை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். கொடுத்துவிட்டால் அது அவர்களுடையது இல்லை, அவனுடையது. பிறகு பயமில்லை. காகிதத்தில் வேண்டாம், காகிதத்தில் கொடுத்துத்தான் இவ்வளவும் வந்தது. சொல்லட்டும். சொன்னார்கள் என்று நீங்கள் எனக்கு எழுதினால் போதும், நான் உங்களை நம்புகிறேன்.

சடங்கை இருபத்தொன்பதுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். வாசம் மறுபடி வந்துவிட்டது. இப்போது கூடவே யாரோ இருமுகிறார்கள். ஜெனி இருமமாட்டான். உங்களில் யார் இருமுவது?

வால்தெலிசி


சான் பாவ்லோ, 21 மே 2004

வால்தெலிசி அம்மா,

பிரிக்க முடியாது. அதே அளவு, அதே எடை, ஒரே குளத்தில் விட்ட தண்ணீர் போல. எந்த இயந்திரத்தாலும் முடியாது.

கடைசியாக நீங்கள் கேட்டதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பேராசிரியருக்கு மார்ச் மாதத்திலிருந்து இருமல்.

ஒவ்வொருவராகக் கேட்டேன். தாய்னாவை மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "குடுத்துட்டேன். ஜெனி அண்ணன் கூடத்தான? எனக்கென்ன பயம்" என்றாள். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை.

நான். எழுதவே கூச்சமாக இருக்கிறது. குளிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். "என் பங்கை" என்றதும் குழாயை மூடிவிட்டு ஈரத்தோடு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் ஆய்வகத்தில், காலியாக இருந்த அந்த ஐஸ்பெட்டித் தட்டின் முன்னால் நின்று முழுவதும் சொன்னேன். கொடுத்துவிட்டேன்.

சனோத்தியிடம் அவர் அறையில் பேசினேன். அப்படியே எழுதுகிறேன்.

"எலோ, உனக்கு என்ன ஆச்சு? கதிர், கணக்குன்னு பேசுனவ, கூடையப் பத்திப் பேசுற."

"உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லேல்ல சார்?"

"துளி கூட."

"அப்ப சொல்லிடுங்க. நஷ்டம் என்ன?"

"நஷ்டம் ஒண்ணுமில்ல."

"அப்ப சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஏன் சார்?"

"ஏன்னெல்லாம் கேக்காத. காபி ஆறுது, குடி."

நான் கத்திவிட்டேன். இறந்தவனின் அக்கா தூங்காமல் கிடக்கிறாள், உங்களுக்கு ஒரு வார்த்தை கனக்கிறதா என்று. அவர் காபிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். சாயங்காலம் என் கதவருகே வந்து நின்று, "அதுல என்னோடது எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். நாலில் ஒன்று என்றேன். "நாலுல ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருமிக்கொண்டு போனார்.

அவரும் சொல்லிவிட்டார் என்று உங்களுக்கு எழுதிவிடலாமா என்று ஓர் இரவு முழுக்க நினைத்தேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள். சடங்கு முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று என்னையும் கேட்காதீர்கள்.

எலோயிசா


மரகோஜிப்பி, 31 மே 2004

எலோயிசாவுக்கு,

இனி டாக்டரம்மா என்று எழுதமாட்டேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

அந்தப் பெரியவர் மேல் கோபப்படாதே. அவரோடு பேசாமல் இருக்கிறாய் என்றால் இன்றைக்கே போய்ப் பேசு. கேட்டது எவ்வளவு பெரிது என்று உங்கள் மூவரில் உடனே புரிந்துகொண்டவர் அவர்தான். நீயும் பொய் எழுதாமல் விட்டாய் பார், நீயும் புரிந்துகொண்டாய். எழுதியிருந்தால் என் தம்பி நிம்மதியாகப் போயிருக்கலாம், கூடவே அந்தப் பெரியவர் உயிரும் போயிருக்கலாம். அப்படி வாங்கின நிம்மதியை நான் எங்கே வைப்பது?

குழாயைக் கூடையில் வைக்காமலே சடங்கைச் செய்தோம். கூடையில் அவன் துணி, தட்டு, மணி. குழாயைத் தாய் தன் முன்னால் வெள்ளைத் தட்டில் வைத்துக்கொண்டு சோழி போட்டார். சாமான்களுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். செத்தவனுடைய பொருள் எதுவானாலும் போகிறதா, தங்குகிறதா, யாரிடம் தங்குகிறது என்று கேட்போம்.

தண்ணீருக்குப் போகிறதா என்று கேட்டார். இல்லை.

என்னிடம் தங்குகிறதா என்று கேட்டார். நான் மனசுக்குள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை என்றது. தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காக இன்னொரு முறை போட்டார். இல்லை.

அப்புறம் உன் பெயர். தாய்க்கு அதைச் சொல்ல வாய் திரும்பவில்லை. "எலோ, எலோயி, என்னடி பேர் இது" என்றார். பாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நாலு சோழியும் மல்லாந்து விழுந்தது, ஆமாம் என்று. சிரிப்பு நின்றுவிட்டது.

"உசுரோட மூணு பேர் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கையில அவன் எப்படிப் போவான்? அங்கயே இருக்கட்டும்" என்றார் தாய்.

கூடை போய்விட்டது. வடிகிற தண்ணீரில் நேராகப் போயிற்று. கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றேன். மறுநாளும் நின்றேன். வரவில்லை.

குழாயை இந்தப் பெட்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன். கெட்டுப்போயிருக்கும், இனி எக்ஸ்ரேக்கு ஆகாது, தெரியும். குப்பையில் போடாதே. "தெந்தே 2" என்பதை அழித்துவிட்டு அவன் பெயரை எழுது. எங்கள் சாமி வீட்டு வழக்கப்படி, வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் வெள்ளை உடுத்தட்டும். நீங்கள் எப்போதும் வெள்ளைக் கோட்டுதான் போடுவீர்களாமே, அது போதும். அவன் பக்கத்தில் நின்று சண்டை போடாதீர்கள், அவனுக்குச் சண்டை ஆகாது. எப்போதாவது ஏதாவது தின்னும்போது அவனுக்கும் ஒரு வாய் எடுத்து வை, பிறகு நீயே சாப்பிட்டுவிடு.

உங்கள் மூவரில் கடைசியாக உயிரோடு இருக்கிறவர் யாரோ, அவர் போகும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும். அதுவரை அவன் உங்கள் வீட்டு ஆள். நெருக்கமாக இருப்பான். பயப்படாதே.

இங்கே வாசம் இல்லை. இருமலும் இல்லை. இரண்டு இரவாக நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, எதற்காகத் தூங்கினேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்டதுதான் நடந்திருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்வது? பொழுது சாயும்போது அடுப்பங்கரையில் போய் நிற்கிறேன். லிந்தா வேலிக்கு மேலே எட்டி, "என்ன வால், எல்லாம் போயிடுச்சா?" என்கிறாள். போயிடுச்சு என்கிறேன்.

உனக்கு வேலை நிறைய இருக்கும். இருந்தாலும் அவன் அங்கே இருக்கிறான் என்று எப்போதாவது உனக்குப் பட்டால், ஒரு வரி போதும், எழுது.

வால்தெலிசி